போர்க்கால டைரியிலிருந்து குறும்படம்: வேலூர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை

வட ஆற்காட்டில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே இன்னொரு பெயர். அதனால் இந்தப் பக்கம் பரண்மேல் கிடக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் மெடலோ, கடிதக் கட்டோ, அபூர்வமாக ஒரு நோட்டோ அகப்படும். அந்த நோட்டு, வீட்டிலிருந்த சிறுமியோ சிறுவனோ எழுதிய போர்க்கால டைரி என்றால், அதை 20 நிமிடக் குறும்படமாக எடுப்பது எப்படி?

விளக்கத்துக்காக ஒரு டைரியைக் கற்பனை செய்துகொள்வோம். 1942 ஏப்ரல். 5ஆம் தேதி கொழும்பில், 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுவிட்டன. அடுத்தது மதராஸ்தான் என்று குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்கிறார்கள். 13 வயதுப் பெண் ஒருத்தி வேலூர் கொசப்பேட்டையில் இருக்கும் சித்தி வீட்டுக்கு வந்து சேர்கிறாள். தினமும் எழுதுகிறாள்.

படி 1: முதலில் காகிதம்

டைரி கையில் இருப்பதாலேயே படமெடுக்கும் உரிமை வந்துவிடாது. எழுதியவர் உயிரோடு இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் வாரிசுகள் அத்தனை பேரிடமும் எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். “தாத்தா சரின்னு சொன்னாரு” என்பது செல்லாது. ஒப்பந்தத்தில் கால அளவு குறிப்பிடவில்லை என்றால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டுத் திரைவிழாவுக்குப் படத்தை அனுப்பும்போதுதான் இந்த இரண்டாவது விஷயம் கழுத்தைப் பிடிக்கும். ஆகவே காலம், எல்லை, இணைய வெளியீடு மூன்றையும் தனித்தனி வரியில் எழுதிவிடுங்கள்.

படி 2: அட்டவணை

மூல நோட்டை ஒரு தடவை மட்டும் புரட்டி, பக்கத்துக்கு ஒரு படமாக ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். அதன்பின் வேலை முழுக்க நகலில்தான். எழுத்துப்பிழை, அடித்தல், திருத்தல் எதையும் சரிசெய்யாமல் அப்படியே தட்டச்சு செய்யுங்கள். அடித்த வரிக்குள்தான் பல சமயம் காட்சி இருக்கும்.

பிறகு ஐந்து கட்டம் போட்ட அட்டவணை: தேதி, இடம், யார் யார், என்ன நடந்தது, அன்று அவளுக்கு என்ன தெரியாது. புதியவர்கள் கடைசிக் கட்டத்தை விட்டுவிடுகிறார்கள். படத்துக்கு உயிர் அதில்தான் இருக்கிறது. போர் 1945இல் முடியும் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாததைக் கேமராவும் வசனமும் தெரிந்ததுபோல் காட்டினால் படம் அந்த இடத்திலேயே பாடப் புத்தகமாகிவிடும்.

இன்னொன்று, எது எப்போது எழுதப்பட்டது என்று பாருங்கள். நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க், ஒளிவதற்குச் சில வாரம் முன், 1942 ஜூனில் டைரி தொடங்கினாள். 1944 மார்ச்சில், போர்க்கால டைரிகளைச் சேகரிக்கப் போகிறார்கள் என்று வானொலியில் கேட்டாள்; மே மாதத்தில் அதே நாட்களைத் தனித்தாள்களில் தானே மாற்றி எழுத ஆரம்பித்தாள். ஒரே நாளுக்கு இரண்டு வடிவம். நம் ஊர் நோட்டிலும் மை நிறம் மாறியிருக்கிறதா, கையெழுத்து முதிர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அன்றைக்கே எழுதியதையும் பிறகு சேர்த்ததையும் அட்டவணையில் வேறு வேறு நிறத்தில் குறியுங்கள்.

படி 3: இழை

200 பக்கத்தையும் எடுக்க முடியாது. 20 நிமிடப் படத்துக்கு 6 முதல் 8 நாட்கள் போதும். பெரிய சம்பவங்களாகப் பொறுக்காதீர்கள், திரும்பத் திரும்ப வரும் வரியைத் தேடுங்கள். நம் கற்பனை டைரியில் ஒரே வாரத்தில் மூன்று முறை “எனக்குப் பயமாக இல்லை” என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பயமில்லாதவள் அதை மூன்று தடவை எழுத மாட்டாள். அந்தப் பொய் எப்போது உடைகிறது? அந்த நாள்வரைதான் படம். அந்த இழையில் சேராத நல்ல பக்கங்களைக் கல்நெஞ்சோடு ஒதுக்குங்கள்.

படி 4: வரியிலிருந்து காட்சி

ஒரு நாள் குறிப்பு இப்படி இருக்கிறது:

“இன்று கடையில் அரிசி இல்லை. சித்தி கேழ்வரகுக் களி கிண்டினாள். எனக்குப் பசிக்கவில்லை என்று சொன்னேன்.”

பர்மா ஜப்பான் வசம் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அந்தக் காரணத்தை யார் வாயிலும் போடாதீர்கள். சித்தி சந்தையிலிருந்து காலிப் பையோடு வரட்டும், போதும். இனி மூன்றாவது வரி. “பசிக்கவில்லை” என்று எழுதவில்லை, “பசிக்கவில்லை என்று சொன்னேன்” என்று எழுதியிருக்கிறாள். காட்சி அந்த ‘என்று சொன்னேன்’ என்பதில் இருக்கிறது.

உள் – சித்தி வீட்டு அடுக்களை – இரவு

*தட்டில் ஒரே ஒரு களி உருண்டை. சின்னவன் தன் தட்டை வழித்து முடித்துவிட்டு அதையே பார்க்கிறான்.*

சித்தி: இன்னாடி, துன்னாம குந்தினு கீற?

பெண்: பசிக்கல சித்தி.

*உருண்டையைச் சின்னவன் தட்டுக்குத் தள்ளுகிறாள். எழுந்து முற்றத்துக்குப் போகிறாள். கை கழுவும் முன், விரலில் ஒட்டியிருந்ததை நக்கிக்கொள்கிறாள்.*

அரை நிமிடக் காட்சி. இதன்மேல் “எனக்குப் பசிக்கவில்லை என்று சொன்னேன்” என்று குரலும் ஓடவிட்டால் எல்லாம் வீண். படம் காட்டியதைக் குரல் சொல்லக் கூடாது, இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். பின்னணிக் குரலுக்கு மொத்தப் படத்திலும் ஒன்றரை நிமிடம்தான் ஒதுக்கீடு. அதுவும் படம் காட்டுவதற்கு மாறாக அவள் எழுதும் இடங்களில் மட்டும்: நடுங்கும் கை, “எனக்குப் பயமாக இல்லை” என்ற குரல்.

பேச்சிலும் ஒரு பொறி இருக்கிறது. டைரி பள்ளிக்கூடத் தமிழில் இருக்கும். வீட்டில் அவள் அப்படிப் பேசியிருக்க மாட்டாள். டைரி வாக்கியத்தை வசனமாக்கினால் நாடகம்போல் ஒலிக்கும். பாட்டியை ‘ஆயா’ என்று கூப்பிடும் வீடா, அப்பாவை ‘நைனா’ என்று கூப்பிடும் வீடா என்று குடும்பத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லார் வாயிலும் ‘கீற’ போடவும் வேண்டாம். மதராஸில் படித்துவிட்டு வந்த பெண்ணின் பேச்சும் சித்தியின் பேச்சும் சற்றே விலகி ஒலிப்பதே அவள் அந்நியம் என்பதைச் சொல்லிவிடும்.

படி 5: காலப் பிழைகள்

வேலூர்க்காரர்கள்தான் இதில் அதிகம் சறுக்குவார்கள், ஊரைத் தினமும் பார்ப்பதால்.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் சந்நிதியில் அவள் கும்பிடுவதுபோல் காட்சி வைக்காதீர்கள். ‘சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு’ என்று வேலூரைக் கிண்டல் செய்வது சும்மா இல்லை. அங்கே லிங்கம் திரும்ப வந்ததே 1981இல்தான். டைரியிலேயே அப்படி எழுதியிருந்தால், அவள் சொல்வது வேறு கோயிலா, அல்லது அந்தப் பக்கம் பிறகு எழுதியதா என்று விசாரியுங்கள்.

முகவரியில் ‘வேலூர் மாவட்டம்’ வரக் கூடாது, ‘வட ஆற்காடு ஜில்லா’தான். காசு ரூபாய், அணா, தம்பிடிக் கணக்கில்: 16 அணா ஒரு ரூபாய், 12 தம்பிடி (பை) ஓர் அணா. மதராஸிலிருந்து ரயிலில் வருகிறவள் காட்பாடியில் இறங்கி ஜட்காவில் ஏறட்டும். நீராவி எஞ்சினைத் தேடி அலைய வேண்டாம். ஜன்னலோர முகம், கொஞ்சம் புகை, சத்தம் போதும். சுவர்க்கடிகாரம் காட்டினால் இன்னொரு கவனம்: போரை முன்னிட்டு 1942 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்திருந்தார்கள். அந்த மாதங்களில் சாயங்காலம் 7 மணிக்கும் வெளியே வெளிச்சம் இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், டைரிப் பக்கம். பேனா நுனியை நெருங்கிக் காட்டும் ஷாட் கட்டாயம் வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கையெழுத்து அது. ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் யானைத் துதிக்கைபோல் வளைவு இருக்க வேண்டும். ணா, றா, னா மூன்றும் கால் இல்லாமல் சுழித்து முடிய வேண்டும். இன்றைய பள்ளிக் குழந்தைக்கு அந்த எழுத்து ஓடாது. இரண்டு வழி: ஒரு வாரம் பயிற்சி, அல்லது பழைய எழுத்து பழகியவரின் கையை மட்டும் எடுப்பது. கையை மாற்றினால் வளையல், நகம், ரவிக்கையின் கை விளிம்பு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று போட்டோ வைத்துச் சரிபாருங்கள். பால்பாயிண்ட் கூடாது, மைப்பேனா. கோடு போட்ட புது நோட்டைத் தேயிலை டிகாக்‌ஷனில் நனைத்து, நிழலில் உலர்த்தி, பழுப்பாக்கலாம். ஒவ்வொரு டேக்கிலும் ஒரு பக்கம் தீரும் என்பதால் ஒரே மாதிரி 5 பக்கமாவது தயாராக இருக்கட்டும்.

படி 6: எடுக்கும் நாள்

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அகழியோரம் ஒரே ஒரு ஷாட் என்றாலும் துறையின் அனுமதி தேவை. கிடைக்காவிட்டால் பரவாயில்லை, படம் அடுக்களையில்தான் நடக்கிறது.

அரிக்கேன் விளக்கின் வெளிச்சம் மட்டும் வைத்து எடுத்தால் படம் புள்ளி புள்ளியாக வரும். கண்ணாடிக்குப் பின்னால், கேமரா பார்க்காத பக்கம், மஞ்சள் நிறச் சிறு எல்இடி பல்பை மறைத்து வையுங்கள். கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 நொடியில் இருக்கட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதோடு ஒத்துவராத வேகத்தில் விளக்கு துடிப்பது பட்டையாகத் தெரியலாம்.

14 வயதுக்கு உட்பட்ட குழந்தை நடித்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வாங்க வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். அழும் காட்சியை முதல் மணி நேரத்திலேயே எடுத்துவிடுங்கள், கடைசியில் வைத்தால் களைப்புதான் தெரியும்.

படி 7: முடிவு

டைரிகள் முடிவதில்லை, நின்றுவிடும். ஆன் ஃபிராங்க் கடைசியாக எழுதியது 1944 ஆகஸ்ட் 1. கைதானது ஆகஸ்ட் 4. அந்த மூன்று நாளுக்கு வரி இல்லை. அந்த இடத்தில் நீங்களாக ஒரு கடைசிக் குறிப்பு எழுதி அவள் குரலில் வைக்காதீர்கள், அது கள்ளக் கையெழுத்துப் போடுவது. நம் கற்பனைப் பெண்ணின் டைரி மதராஸுக்குத் திரும்பும் நாளில் நின்றுவிட்டது என்றால், ஜட்கா கிளம்பிய பின் அடுக்களையில் எடுங்கள்: சின்னவன் தட்டில் இரண்டு உருண்டை. பிறகு என்ன ஆனாள் என்பது எழுத்தில் ஒரே வரி, கறுப்புத் திரையில்.

எடிட்டிங் முடிவதற்குள் குடும்பத்தாருக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். யாராவது பெயரை மாற்றச் சொன்னால் அப்போது மாற்றுவது சுலபம். மூல நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கி மை ஊறும். துவைத்துக் காய்ந்த பழைய பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள்.