எஸ்டிக்யூ படிவத்தைச் சென்னைப் பெற்றோரிடம் சரிபார்ப்பது எப்படி?

ராபர்ட் குட்மன் 1997-இல் பிரிட்டனில் வெளியிட்ட எஸ்டிக்யூ, பிள்ளைகளின் மனநல, நடத்தைச் சிக்கல்களைக் கண்டறிய உதவும் படிவம். அதில் 25 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். பிறருக்கு உதவும் குணம் பற்றிய ஐந்தை விட்டு, மீதி 20-ஐக் கூட்டினால் 40-க்கு மொத்தம் வரும். பெற்றோர் படிவத்தில் 17-ம் அதற்கு மேலும் 'அதிகம்'. பிரிட்டன் பிள்ளைகளில் சுமார் 10 சதவீதம் பேர் சிக்கும்படி வைத்த எல்லை அது. வியாசர்பாடிப் பிள்ளையை அதை வைத்து அளக்காதீர்கள்.

முதலில் பத்துப் பெற்றோரிடம் கேள்விகளை வாசித்துக் காட்டி, "எதை மனசுல வச்சு இப்படிச் சொன்னீங்க?" என்று கேளுங்கள். 7-ஆம் கேள்வி, கீழ்ப்படிதல் பற்றியது, தடுமாற வைக்கும். "அவங்க அப்பா இருந்தா கேப்பான்" என்றால் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? நீங்களாக முடிவு செய்யாமல் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்; சொன்னதை ஓரத்தில் குறியுங்கள். காப்புரிமை உள்ள படிவம், வாசகத்தை மாற்றக் கூடாது. 7, 11, 14, 21, 25 ஆகியவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும் (0-க்கு 2, 2-க்கு 0). மறந்தால் மொத்தமே பாழ்.

'கடந்த ஆறு மாதம்' பலருக்குப் பிடிபடாது. ஜூலையில் கேட்டால் "பொங்கலுக்கு அப்புறம்" என்று நினைவூட்டுங்கள். பதில் சொன்னது அம்மாவா பாட்டியா என்பதையும் எழுதுங்கள்.

இரண்டு நாடுகளின் சராசரியை ஒப்பிடும் முன் காரணி அமைப்பு (எந்தக் கேள்விகள் சேர்ந்து ஒரே குணத்தை அளக்கின்றன), காரணிச் சுமை (ஒவ்வொரு கேள்வியும் அந்தக் குணத்தோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது), வாசல் மதிப்பு (எந்த அளவில் பதில் 0-இலிருந்து 1-க்கும், 1-இலிருந்து 2-க்கும் தாவுகிறது) மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று வரிசையாகப் பாருங்கள். ஒரு படியில் சிஎஃப்ஐ (கணித மாதிரி தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) 0.01-க்கு மேல் சரிந்தால் அந்த ஒப்பீட்டை அங்கேயே நிறுத்துங்கள்.

உள்ளூருக்கான எல்லை மதிப்பெண்ணை முடிவு செய்ய, படிவ மதிப்பெண் தெரியாத மனநல மருத்துவர் பிள்ளைகளை நேரில் பரிசோதிக்க வேண்டும். குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களும் அதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் படிவம் யாரைத் தவறவிட்டது என்பதே தெரியாது.