அண்ணனிடமிருந்து போன் வந்தால்

பாகப்பிரிவினை பற்றி அண்ணன் போன் செய்தாலே பேச்சு சண்டையில் போய் நிற்கும். ‘பொறுமையாக இரு’ என்ற அறிவுரையெல்லாம் எனக்கு எடுபடவில்லை. சாதாரணப் பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சுமார் 0.2 விநாடிதான், அவர் பேசும்போதே நம் பதில் தயாராகிவிடுகிறது. அதனால் வாய்க்கு வேறு வேலை கொடுத்தேன். அவர் நிறுத்தியதும் மூச்சை நீளமாக வெளியே விடுவேன். அப்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும். அப்புறம் அவர் சொன்னதையே திருப்பிக் கேட்பேன்: “மாடி வேண்டாம், கீழ்வீடு மட்டும் போதும்கிறீங்களாண்ணே?” பாதி நேரம் அவரே திருத்திக்கொள்வார்.

போனில் வெறும் மௌனம் ஆபத்து, கோபம் என்று எடுத்துக்கொள்வார். “இருங்கண்ணே, யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்லிவிட வேண்டும். அண்ணி நடுவில் போனை வாங்கினால் மட்டும் இந்த வித்தை இன்னும் பலிப்பதில்லை.