பீசோ அடுக்குக் கணக்கில் முதலில் அலகைப் பாருங்கள்

பீசோஎலக்ட்ரிக் (அழுத்தினால் மின்சாரம் தரும்) அடுக்குகளில் அலை செல்வதைக் கணக்கிட, பரிமாற்ற அணி முறையில் (அடுக்கின் ஒரு முகத்து நிலையிலிருந்து மறுமுகத்து நிலையைத் தரும் அணிகளைப் பெருக்கும் முறை) நிரல் எழுதி, விடை தாறுமாறாக வருகிறதா? சூத்திரத்தைச் சந்தேகிக்கும் முன் அலகுகளைப் பாருங்கள். பி.இசட்.டி-5எச் பீங்கானின் மீள்மை மாறிலி 10¹¹ பாஸ்கல் அளவு. மின்கடத்தா மாறிலியோ 10⁻⁸ ஃபாரட்/மீட்டர். ஒரே அணிக்குள் 10¹⁹ மடங்கு வித்தியாசம்! கணினியின் இரட்டைத் துல்லியத்தில் (64 பிட் எண்களில்) நமக்குக் கிடைப்பதே சுமார் 16 இலக்கம்தான்.

மின்னழுத்தத்தை 3×10⁹ ஆல் வகுத்துப் புதிய மாறியாக வையுங்கள். பீசோ மாறிலியையும் (மின்புலத்தையும் தகைவையும் இணைப்பது) மின் இடப்பெயர்ச்சியையும் அதே எண்ணால் ஒருமுறை பெருக்குங்கள், மின்கடத்தா மாறிலியை இருமுறை. மூன்று மாறிலிகளும் 10¹¹ பக்கம் வந்துவிடும்.

அப்புறமும் தடித்த அடுக்கில், உயர் அதிர்வெண்ணில் விடை சிதறினால் அது வேறு கோளாறு: வளரும் அடுக்குக்குறி உறுப்பு, தேயும் உறுப்பை விழுங்கிவிடுகிறது. அங்கே விறைப்பு அணி முறைக்கு (இரு முகங்களின் தகைவுகளையும் இரு முகங்களின் இடப்பெயர்ச்சிகளோடு இணைக்கும் முறை) மாறிவிடுங்கள்.