கறி நாறவில்லை என்றால் நல்ல கறியா? கடையிலும் அடுப்படியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கறியை மோந்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. கறியை நாற வைக்கும் பாக்டீரியா வேறு, ஆளைப் படுக்கையில் தள்ளும் பாக்டீரியா வேறு. சூடோமோனாஸ் வகையறா பெருகினால் கறி பிசுபிசுக்கும், வீச்சம் அடிக்கும். யாரும் வாங்க மாட்டார்கள், அதோடு போயிற்று. சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர், ஈ. கோலையின் கொடிய வகைகள் ஆகியவை இருக்கிற கறியோ பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வாடையும் மாறாது. கேம்பிலோபாக்டர் சில நூறு உள்ளே போனாலே வயிற்றைப் புரட்டிவிடும். கோழிக்கறி வைத்த கவரில் தேங்கும் தண்ணீரில் ஒரு சொட்டே அதற்குப் போதும்.

"ஐஸ் கறி வேணாம் பாய்"

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ புதுச்சேரி நெல்லித்தோப்பிலோ ஒரு கறிக்கடை வாசலில் பத்து நிமிடம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். "இப்ப அறுத்ததா பாத்துப் போடுங்க பாய், ஐஸ்ல வச்சது வேணாம்." விடிகாலை ஐந்து மணிக்கு அறுத்து, பன்னிரண்டு மணி வரை கொக்கியில் தொங்கும் ஆடு நமக்கு 'ஃபிரெஷ்'. அறுத்த கையோடு குளிர வைத்தது 'பழசு'. உண்மை நேர் எதிர்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் சால்மொனெல்லா, ஈ. கோலை போன்றவற்றுக்குக் கொண்டாட்டம். நம் கடலோர வெயில் அதற்கு நடுவே வசமாக உட்கார்ந்திருக்கிறது. உகந்த சூழலில் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். 7 மணி நேரத்தில் 21 முறை, அதாவது ஒன்று 20 லட்சத்தைத் தாண்டிவிடும். தொங்கும் கறியின் மேல்பரப்பு காய்ந்துவிடுவதால் அங்கே அந்த வேகம் இருக்காது. ஆனால் வெட்டிக் குவித்து வைத்த ஈரக் கறியில் அந்தத் தடையும் கிடையாது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குளிர வைத்த கறியை நாம் கேட்டு வாங்காதவரை அவர் எதற்கு ஃபிரீசருக்குக் காசு போடுவார்?

ஐஸ் போடுகிறவர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. மீன் பெட்டியில் கிடந்த ஐஸை அள்ளிக் கறி மேல் நேராகக் கொட்டுவது. படகுக்குப் போகும் ஐஸ் எல்லாமே குடிதண்ணீரில் செய்தது என்று நம்ப முடியாது. கறியைக் கவரில் போட்டுக் கட்டி, கவரை ஐஸில் புதைக்க வேண்டும்.

கோழிக்கடையின் டிரம்மும் டப்பும்

கோழியின் குடலில் கேம்பிலோபாக்டர் குடியிருப்பது சர்வசாதாரணம், கோழிக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. குடலில் இருப்பதைக் கறிக்கு வரவிடாமல் தடுப்பதுதான் கடைக்காரரின் வேலை. எடை குறையக் கூடாது என்று கூண்டிலேயே தீனி போட்டுக்கொண்டிருந்தால் அந்த வேலை தொடங்கும் முன்பே கெட்டது. இரைப்பையும் குடலும் நிரம்பியிருந்தால் வயிற்றைக் கிழிக்கும்போது கத்தி பட்டுக் கறி மேல் கொட்டும். அறுப்பதற்கு 8 முதல் 12 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்திவிட்டு, தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். அதற்காக ஒருநாள் முழுக்கப் பட்டினி போட்டாலும் ஆபத்துதான், குடல் நைந்துபோய் கை பட்டாலே கிழியும்.

அடுத்தது முடி உரிக்க முக்கும் வெந்நீர் டிரம். காலையில் ஊற்றிய தண்ணீரில் மதியம் வரை கோழியை முக்கி எடுத்தால், முதல் கோழியின் எச்சம் கடைசிக் கோழி வரை போய்ச் சேரும். தண்ணீர் ஆறி 50 டிகிரிக்கு இறங்கிவிட்டால் சால்மொனெல்லா அதில் சாகாமல் காத்திருக்கும். 60 டிகிரியை ஒட்டி வைத்து, தண்ணீர் கலங்கியதும் மாற்ற வேண்டும். உரிக்கும் மெஷினில் ரப்பர் விரல்கள் இருக்கின்றனவே, அவற்றின் வெடிப்புகளில் கொழுப்பும் அழுக்கும் சேர்ந்து கிடக்கும். வெடித்ததை மாற்றுகிற கடைகள் குறைவு.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலூட்டுவது, வெட்டிய கோழியை அலசும் அந்த பிளாஸ்டிக் டப். சிவந்துபோன தண்ணீர். மேலே கொழுப்பு மிதக்கும். அதில்தான் உங்கள் கோழியும் ஒரு முக்கு. அலசாமலே கொடுத்திருந்தால் இதைவிடச் சுத்தமாக இருந்திருக்கும். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் காட்டச் சொல்லுங்கள்.

"பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கோம் சார்" என்பார்கள். ரத்தமும் கொழுப்பும் கலந்த தண்ணீரில் குளோரின் அவற்றோடு வினை புரிந்தே தீர்ந்துபோகும், பாக்டீரியாவைக் கொல்ல மிச்சம் இருக்காது. வெட்டுகிற கட்டைக்கும் கத்திக்கும் இதே கணக்குதான். முதலில் சுரண்டி எடுக்க வேண்டும், பிறகு சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும், நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், அதற்கப்புறம்தான் குளோரின். புதிதாகப் பிரித்த பவுடரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் போட்டால் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவு கிடைக்கும், அது போதும். கைப்பிடி அள்ளிப் போடுவதில் வீரம் எதுவும் இல்லை. ஐப்பசி மழையில் ஈரம் குடித்துக் கட்டிதட்டிய பவுடரை எவ்வளவு கொட்டினாலும் அந்தப் பலன் வராது. கழுவிய கட்டையை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள், காய்ந்தால்தான் முழுப் பலன்.

கொத்துக்கறியும் சிங்க்கும்

முழுத் துண்டுக் கறியில் பாக்டீரியா பெரும்பாலும் மேலேதான் இருக்கும். கொத்தியதும் மேலே இருந்தது உள்ளே போய்விடும். 1993-இல் அமெரிக்காவில் ஒரு பர்கர் கடைச் சங்கிலியில் அரைவேக்காட்டுக் கொத்துக்கறியால் 700 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டு, நான்கு குழந்தைகள் இறந்தது இப்படித்தான். காரணம், ஈ. கோலையின் கொடிய வகையான ஓ157. கோலா உருண்டை மேலே சிவந்தால் போதாது, உள்ளேயும் 70 டிகிரியைத் தாண்ட வேண்டும். கோழிக்கு 74.

வீட்டுக்கு வந்ததும் சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டுக் கோழியைக் கழுவுவது நம் பழக்கம். தெறிக்கும் தண்ணீர் பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயத்தின் மேலும் கொத்தமல்லியின் மேலும் விழும். கறி வேகும், தயிர்ப் பச்சடி வேகாது. கழுவியே ஆக வேண்டும் என்றால் ஒரு பாத்திரத்துக்குள் வைத்து மெதுவாகக் கழுவுங்கள். பச்சடிக்கு நறுக்குவதை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மஞ்சள்தூள் தடவினால் கிருமி செத்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை.

வெந்தபிறகும்

வெந்த கறியில் பயமில்லை என்று நினைப்பதும் தவறு. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கும். கல்யாண வீட்டு அண்டாவில் மிஞ்சிய குழம்பு ராத்திரி முழுக்க மெதுவாக ஆறும்போது அவை முளைத்து, மற்ற பாக்டீரியாக்களைவிட வேகமாகப் பெருகும். அகலத் தட்டுகளில் மெலிதாகப் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் ஆறவிட்டு, குளிர்பெட்டியில் வையுங்கள். புண்ணில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா கக்கிய நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. விரலில் புண்ணோடு சிக்கன் 65-க்கு மசாலா பிசைகிறவரைப் பார்த்தால் அடுத்த வண்டிக்கு நடையைக் கட்டுங்கள்.

ஷவர்மாவில் கம்பியைச் சுற்றி வெளிப்புறம் வெந்திருக்கும், உட்புறம் பச்சை. கூட்டம் அதிகமானால் கத்தி உள்ளே போய்விடும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது. அந்த ஆணையும் கடலூரோடு சரி, புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் செல்லவில்லை. எங்கே சாப்பிட்டாலும் வேக வைத்த முட்டையில் செய்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சாசேஜ், ஹாம் செய்கிறவர்களுக்கு லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தனிப் பகை. 4 டிகிரியிலும் வளரும். தென்னாப்பிரிக்காவில் 2017-18-இல் 200 பேருக்கு மேல் இறந்தது இப்படி ஒரு தொழிற்சாலையின் பொலோனி சாசேஜால். இது தங்குமிடம் பெரும்பாலும் தரைச் சாக்கடை. அங்கே பிரஷர் பைப்பால் அடித்துக் கழுவினால் சாரலோடு சேர்ந்து மேசைக்கு ஏறும்.

புயல் நாளில் ஃபிரீசர்

2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் என்று நம் பக்கம் புயலுக்குப் பஞ்சமில்லை. கரண்ட் போனால் திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. நடுவில் உருகி, கரண்ட் வந்ததும் மறுபடி உறைந்த கறி பார்க்க அப்படியே கல்லாக இருக்கும். அதனால் மழைக்காலம் தொடங்கும்போதே ஒரு டம்ளர் தண்ணீரை ஃபிரீசரில் உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் டம்ளரின் அடியில் கிடந்தால் உள்ளே இருக்கும் கறி, மீன் எதையும் மோந்துகூடப் பார்க்க வேண்டாம், குப்பையில் போடுங்கள்.