முதுமைத் தளர்ச்சி: ரிப்போர்ட்டைப் படிக்கையில் வழுக்கும் இடங்கள்

முதியோர் பிரிவுக்குப் புதிதாக வரும் இளம் மருத்துவர்களைக் கவனிக்கிறேன். தளர்ந்த முதியவரின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிக்கையில், பயிற்சிக் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். மாதிரி மாறிப்போவது, குழாயில் இரத்தம் உறைவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றைப் பெரும்பாலும் லேப்பே பிடித்துவிடும்.

கிரியேட்டினின் நார்மல் என்று நிம்மதி அடைவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது; இரத்தத்தில் அது ஏறினால்தான் சிறுநீரகத்தைச் சந்தேகிக்கிறோம். தளர்ந்தவருக்குத் தசை கரைந்திருப்பதால் அதன் உற்பத்தியே குறைவு. சிறுநீரகம் பாதி வேலைகூடச் செய்யாதபோதும் எண் சமர்த்தாக 0.9-இல் நிற்கும். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ இருக்காது. யார் கண்ணிலும் படாது.

84 வயது அம்மா ஒருவர், எடை 40 கிலோ, கிரியேட்டினின் அதே 0.9. கால் எரிச்சலுக்கு வேறோர் இடத்தில் காபாபென்டின் நாளுக்கு 900 மில்லிகிராம் எழுதியிருந்தார்கள். 'கிட்னி நார்மல்' என்று சீட்டிலேயே குறிப்பு வேறு. பகலெல்லாம் தூக்கம், நடையில் தள்ளாட்டம். வயசானால் அப்படித்தான் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் எங்களிடம் வந்தார்.

சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணிக்க 1976-இல் வந்த காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 140-இல் வயதைக் கழித்து எடையால் பெருக்கி, கிரியேட்டினினின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். பெண் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு வருவது நிமிடத்துக்கு 29 மில்லிலிட்டர்தான். காபாபென்டின் சிறுநீரகம் வழியாக மட்டுமே வெளியேறும் மருந்து. இந்த நிலையில் நாளுக்கு 700 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தளர்ந்தவருக்கு அதுவே அதிகம். கால்குலேட்டர் எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது, தட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை!

சூத்திரத்திலும் அதே கிரியேட்டினின்தான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் சிறுநீரகத் திறனைக் காட்டும் இன்னோர் இரத்தப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி கேளுங்கள். அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. ஆனால் ஸ்டீராய்டும் தைராய்டு கோளாறும் அதை அசைக்கும், ஆகவே கிரியேட்டினின், சிஸ்டாட்டின் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவது மேல். சிஸ்டாட்டின் காட்டும் சிறுநீரகத் திறன் கிரியேட்டினின் காட்டுவதைவிட நன்றாகக் குறைந்திருந்தால், தசை போயிருக்கிறதா என்று பாருங்கள்.

அல்புமினைச் சாப்பாட்டுக் கணக்காகப் படிப்பது

இரத்தத்திலுள்ள புரதமான அல்புமின் குறைந்தாலே சாப்பாடு போதவில்லை என்று நினைக்கிறார்கள். அழற்சி வந்தாலே ஈரல் அதன் தயாரிப்பைக் குறைத்துவிடும். பக்கத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி எவ்வளவு என்று பார்க்காமல் புரதப் பொடி எழுதாதீர்கள்.

காய்ச்சலோடு வந்தவரின் சிஆர்பியில் தளர்ச்சியைத் தேடுவது

வேண்டாம். காய்ச்சலுக்குக் காரணமான தொற்றே அதை ஏற்றியிருக்கும். குணமாகட்டும்.

ஹீமோகுளோபின் குறைவை 'வயசுக்குச் சகஜம்' என்பது

சகஜமில்லை. காரணத்தைத் தேடுங்கள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அழற்சியில் ஏறும். அது நார்மல் என்பதற்காக இரும்புக் குறைவு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

ஆளைப் பார்க்காமல் விடுவது

தளர்ச்சியைத் தனியாக உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. லிண்டா ஃப்ரீட் குழு 2001-இல் ஐந்து அடையாளங்களை வகுத்தது: எடை இழப்பு, களைப்பு, கைப்பிடி பலவீனம், மெதுவான நடை, குறைந்த நடமாட்டம். மூன்று இருந்தால் தளர்ச்சி. எதற்கும் ஊசி தேவையில்லை. முதலில் 4 மீட்டர் நடக்கச் சொல்லுங்கள். 5 வினாடிக்கு மேல் ஆகிறதா? சரி, அப்புறம் லேப் சீட்டு எழுதலாம்.