‘பழங்குடித்தன்மை இழப்பு’: எங்கே எழுதலாம், எந்த வினையோடு எழுதலாம்

‘டீட்ரைபலைசேஷன்’ (detribalisation) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது என்ற தடுமாற்றம் நீலகிரியைப் பற்றியும் பழனி மலையைப் பற்றியும் எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி வரும். பழங்குடித்தன்மை இழப்பு என்று எழுதுங்கள். நிலம், ஊர்த்தலைமை, சடங்கு, உறவுமுறை, பேச்சு இவற்றால் ஒரு குடி தனிக்குடியாக நிற்கிறது. அந்தக் கட்டு குலைந்து, அதன் மக்கள் பெரிய சமூகத்துக்குள் உதிரிகளாகக் கரைந்துபோவதுதான் இதன் பொருள்.

‘பழங்குடி நீக்கம்’ வேண்டாம். மக்களையே ஓர் இடத்திலிருந்து அகற்றியதாகவோ, அரசுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்ததாகவோ படிக்கத் தோன்றும். ‘குடிநீக்கம்’ என்றால் வீட்டைக் காலி செய்யவைப்பது என்று ஆகிவிடும். இன்னொரு குழப்பம் ‘சீர்மரபினர்’. 1871-ல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1952-ல் நீக்கப்பட்டபோது அதன் பிடியிலிருந்து விடுபட்ட சமூகங்களுக்கு உரிய பெயர் அது. பழனி மலையின் தெற்கு அடிவாரமான தேனிப் பக்கத்தில் அன்றாடம் காதில் விழும் சொல் என்பதால், மொழிபெயர்க்கும்போது கை தானாக அதை எழுதிவிடும். இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

இனி வினை. பெரும்பாலான பிழை இங்கேதான் நடக்கிறது. ஆங்கில மூலத்தில் அது செய்யப்படும் செயல். ஒருவர் செய்கிறார், மற்றவருக்கு நேர்கிறது. தமிழில் ‘இழந்தார்கள்’ என்று எழுதியதும் செய்தவர் மறைந்துவிடுகிறார். பையிலிருந்து காசு நழுவிய மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் மூன்று வினைகளைத் தனித்தனியாகப் புழங்குங்கள். சட்டமோ, தோட்டமோ, அணையோ, வனவிலங்குக் காப்பகமோ காரணமாக இருந்தால் ‘பறிக்கப்பட்டது’. யார் பறித்தார் என்பதும் அதே வாக்கியத்தில் வரவேண்டும். மக்களே முடிவெடுத்திருந்தால் ‘கைவிட்டார்கள்’. இரண்டும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்திருந்தால் மட்டும் ‘இழந்தார்கள்’.

கோத்தர்களைப் பாருங்கள். நீலகிரியில் அவர்களுக்கு ஏழு ஊர்கள். படகர், தோடர், குறும்பரோடு அவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் முறை இருந்தது: இரும்புக் கருவி, மண்பாண்டம், இசை கொடுத்துத் தானியமும் நெய்யும் பெற்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்த முறை உடைந்தது. அடுத்தவர் வீட்டுச் சாவுக்கு வாசிப்பது தங்களைத் தாழ்த்துகிறது என்று கோத்தர்களில் ஒரு பகுதியினர் கருதியதும் ஒரு காரணம். அதை ‘இழப்பு’ என்று எழுதினால் அவர்கள் எடுத்த முடிவை அவர்களிடமிருந்தே பிடுங்கியதாகும். தங்கள் சொந்தச் சடங்குகளுக்குக் கோத்தர்கள் இன்றும் வாசிக்கிறார்கள்.

ஒரு வாக்கியத்தைத் திருத்திக் காட்டுகிறோம். ‘நகரமயமாதலால் தோடர்கள் பழங்குடித்தன்மையை இழந்துவருகின்றனர்.’ இந்த வாக்கியத்தில் ஒரு தகவலும் இல்லை. எந்த மந்து, அதாவது எந்தத் தோடர் ஊர்? எது போனது? யாரால்? இப்படி மாற்றலாம்: ‘இந்த மந்தைச் சுற்றியிருந்த புல்வெளியில் சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நடப்பட்டபின் மேய்ச்சல் சுருங்கியது, எருமை வைத்திருந்த வீடுகளில் பல இன்று காய்கறி பயிரிடுகின்றன, எருமைக் கோயிலின் பால் சடங்கைச் செய்ய ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது.’ மந்துக்கு மந்து நிலைமை மாறும், ஆகவே நேரில் கேட்டு உறுதி செய்ததை மட்டும் எழுதுங்கள். ‘பழங்குடித்தன்மை’ என்ற சொல்லே இதில் வரவில்லை, பொருள் முழுதாக வந்துவிட்டது. பல இடங்களில் இதுவே நல்ல வழி.

சொல் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் கை கொஞ்சம் தயங்கும். வடக்கு ரொடீசியாவின் (இன்றைய ஜாம்பியா) செப்புச் சுரங்க ஊர்களுக்கும் தென் ஆப்பிரிக்க நகரங்களுக்கும் வேலைக்கு வந்த ஆப்பிரிக்கர்களைக் குறிக்கக் காலனி அதிகாரிகள் இதைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். ஊர்த்தலைவரின் பிடியை விட்டு வந்தவர்களை எப்படி அடக்கி ஆள்வது என்ற கவலை அதற்குள் இருந்தது. மேக்ஸ் கிளக்மன் போன்ற மானிடவியலாளர்கள் இதை மறுத்தார்கள்: சுரங்கத்தில் தொழிலாளியாக இருப்பவர் ஊருக்குப் போனதும் தன் குடியின் ஆளாகவே நடந்துகொள்கிறார் என்றார்கள். ஊட்டியில் ஆட்டோ ஓட்டிவிட்டு, மந்தில் சாவு விழுந்தால் பூத்துக்குளி என்ற தோடர் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் நிற்கும் தோடர் எதையும் இழக்கவில்லை. கைப்பேசி, ஜீன்ஸ், சரளமான தமிழ் ஆகியவற்றை ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

மொழியை வைத்துத் தீர்மானிப்பதிலும் கவனம் தேவை. தோடரின் மொழியும் கோத்தரின் மொழியும் தமிழிலிருந்து வேறான திராவிட மொழிகள். அவை வீட்டில் பேசப்படாமல் போனால் அது பெரிய செய்தி. பழனி மலையில் வாழும் பளியர் குடியின் பேச்சோ நாம் அறிந்தவரை தமிழுக்கு மிக நெருக்கமானது. ‘பளியர் தம் மொழியை இழந்து தமிழுக்கு மாறிவிட்டனர்’ என்ற வரி அங்கே பொருந்தாது. அவர்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது வேறு: தேன் எடுக்கும் பாறையும் கிழங்கு தோண்டும் காடும் இன்னும் அவர்கள் கைக்கு எட்டுகிறதா, அங்கே போகக்கூடாது என்று சொன்னது யார்?

கடைசியாகச் சட்டம். சமூகவியல் சொல்லைச் சாதிச்சான்றிதழோடு சேர்த்து எழுதினால் ஒரு குடும்பத்துக்கே கேடு வரும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குடிகளும் அட்டவணைப் பழங்குடியினர். மத்திய அரசு வகுத்த ‘குறிப்பாக நலிவுற்ற பழங்குடியினர்’ வரிசையிலும் இருக்கிறார்கள். அட்டவணையை நிர்ணயிப்பது அரசியலமைப்பின் 342-ஆம் பிரிவு. ‘தன்மை இழந்தவர்’ என்று ஒரு கட்டுரை சொல்வதால் அந்த உரிமை போகாது. ஆனால் சான்றிதழ் விசாரணையில் அந்த வரியை எடுத்து நீட்ட ஆள் இருப்பார்கள். மதம் மாறினால் பழங்குடி நிலை தானாகப் போய்விடாது. குடியின் வழக்கங்களைத் தொடர்கிறாரா என்பதை ஆளுக்கு ஆள் விசாரித்தே முடிவு செய்ய வேண்டும் என்று 2004-ல் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீலகிரியில் கிறித்தவத் தோடர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி எழுதும்போது இதை நினைவில் வையுங்கள். படகர்கள் அட்டவணையில் இல்லை, சேர்க்கச் சொல்லிக் கேட்டுவருகிறார்கள். ‘தன்மை இழந்தவர்கள்’ என்று அவர்களுக்கும் அடைமொழி போடாதீர்கள்.

எழுத்து: ‘பழங்குடித்தன்மை’ என்று ‘த்’ மிகுத்துச் சேர்த்தே எழுதுங்கள். முதல் தடவை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுங்கள். குடியின் பெயரையும் ஊரையும் சொல்லாமல் ‘மலைவாழ் மக்கள்’ என்று பொதுவாகத் தொடங்கும் வாக்கியத்தில் இந்தச் சொல்லைச் சேர்க்கவே வேண்டாம்.