இரண்டு சிறு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பறக்கும் நேரமும் கணக்கிடுவது எப்படி?

இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் தூரமும் நேரமும் உடனே வந்துவிடும். தூரத்தை ஓரளவு நம்பலாம். நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் ஜெட் வேகத்தில் போட்ட கணக்கு. சிறு நிலையங்களுக்கு இடையே ஓடுவதோ பல நேரம் ஏடிஆர் 72 போன்ற டர்போபிராப், அதாவது ஜெட்டைவிட மெதுவாகப் போகும் விசிறி விமானம்.

முதலில் இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுங்கள். இங்கே ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 40 டிகிரி 30 நிமிடம் என்றால் 40.5, அதை 40.30 என்று எழுதினால் அங்கேயே 22 கி.மீ. பிசகும்.

அட்சரேகையில் ஒரு டிகிரி 60 கடல் மைல். தீர்க்கரேகையில் அந்த 60-ஐ, இரு நிலையங்களின் சராசரி அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். துருவத்தை நோக்கிப் போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதுதான் காரணம். ஒரு நிலையம் வடக்கு 40 டிகிரி, மற்றது 43. தீர்க்கரேகை வித்தியாசம் 4 டிகிரி என்று வையுங்கள். வடக்கு-தெற்காக 180 கடல் மைல். கிழக்கு-மேற்காக 240 × 0.749, அதாவது ஏறக்குறைய 180. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 254 கடல் மைல், 1.852-ஆல் பெருக்கினால் 471 கி.மீ. கொசைனை விட்டுவிட்டால் 300 கடல் மைல் என்று வரும், 85 கி.மீ. அதிகம்! சில நூறு கி.மீ. தூரத்துக்கு இந்த முறை தாராளமாகப் போதும். ஆயிரக்கணக்கில் போனால், பூமியின் வளைவையும் கணக்கில் எடுக்கும் ஹேவர்சைன் சூத்திரமே சரி.

விமானம் நேர்கோட்டில் போவதில்லை. புறப்படும் ஓடுபாதையின் திசை, வழித்தடம், இறங்குவதற்கு முன் சுற்றி வருவது என்று 20 முதல் 30 கடல் மைல் கூடும். 280 என்று வைத்துக்கொள்வோம்.

ஏடிஆர் 72-க்கு சுமார் 270 நாட் (மணிக்கு 270 கடல் மைல்) வேகம்: 62 நிமிடம். மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதற்கு 10 நிமிடம், தரையில் டாக்ஸிக்கு, அதாவது ஓடுபாதைக்கும் நிற்கும் இடத்துக்கும் இடையே ஊர்வதற்கு, 15 நிமிடம். மொத்தம் 1 மணி 27 நிமிடம். ஏ320 போன்ற ஜெட்டுக்கு 450 நாட்: 37 நிமிடம். ஆனால் அது அதிக உயரத்துக்கு ஏற வேண்டியிருப்பதால் 15 நிமிடம் சேருங்கள். டாக்ஸி அதே 15. மொத்தம் 1 மணி 7 நிமிடம். வேகத்தில் அவ்வளவு வித்தியாசம் இருந்தும் மிச்சம் 20 நிமிடம்தான். குறுகிய தூரத்தில் நேரத்தைத் தின்பது ஓடுபாதையைச் சுற்றி நடப்பவை. நெரிசலான நிலையமென்றால் டாக்ஸியை 25 ஆக்குங்கள்.

காற்று டர்போபிராப்பைத்தான் அதிகம் படுத்தும். 30 நாட் எதிர்க்காற்றில் 62 நிமிடம் 70 ஆகும். திரும்பும்போது அதே காற்று தள்ளிவிட்டால் 56. எதிரே இழந்த 8 நிமிடத்தில் 6 தான் திரும்பக் கிடைக்கிறது, அதனால் போக வர ஒரே நேரம் போடாதீர்கள்.

அட்டவணையில் இருப்பவை உள்ளூர் நேரங்கள். இரு நிலையங்களும் வெவ்வேறு நேர மண்டலத்தில் இருந்தால் இரண்டையும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். வரும் வித்தியாசம், நகரத் தொடங்கியதிலிருந்து வந்து நிற்கும் வரையான 'பிளாக் டைம்'. தாமதத்துக்கென விமான நிறுவனம் சேர்க்கும் சில நிமிடங்களும் அதற்குள் இருக்கும். அடுத்த விமானம் பிடிப்பவர்கள் கதவு திறந்து இறங்கும் நேரத்தையும் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.